ஆமூர்க் களமும் நம் வகுப்பறையும்

புறநானூற்றின் 80ஆம் பாடலை நாம் கடந்த 18 ஆண்டுகளாக இளங்கலை மாணவர்க்குப் பயிற்றுவித்து வருகிறோம். பாடியவர் சாத்தந்தையார், பாடப்பட்டவன் சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி, முக்காவனாட்டு ஆமூர் மல்லனோடு அவன் பொருது வென்ற நிலை பாடுபொருள். திணை, துறை எழுதச் செய்வோம். யானை உவமையை விளக்கி, ‘உவமை நயம் பாராட்டுக’ என்று ஒரு வினாவும் அமைப்போம். ஆண்டுதோறும் ஒரே விளக்கம், ஒரே விடை, ஒரே மதிப்பெண். அப்பாடலில் இரண்டு மனித உடல்கள் ஒன்றையொன்று பற்றி நிற்கின்றன என்பது இத்தனை ஆண்டுகளில் ஒருமுறையேனும் நம் சிந்தையில் உறைத்ததில்லை. அதனை நமக்கு உறைக்கச் செய்தவள் கடைசி இருக்கையில் அமர்ந்திருந்த ஒரு மாணவி.

சிவகாசியை அடுத்த சிற்றூர் ஒன்றிலிருந்து நாள்தோறும் பேருந்தில் வந்து போகிறவள் அவள். தாயும் தந்தையும் பட்டாசு ஆலைத் தொழிலாளர். வகுப்பில் வாய் திறவாதவள்; திங்கட்கிழமைகளில் காதோரம் சிராய்ப்போடும் விரலில் சுற்றிய துணிப்பட்டையோடும் வருவாள். ஆலை வேலையில் நேர்ந்த காயமென்று நாமே முடிவு செய்துகொண்டு வருந்தியிருக்கிறோம். அன்று நாம் பழைய உரையைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தோம். சோழன் ஒரு காலை மல்லனின் மார்பின்மீது மண்டியிட்டு மடித்தான், மற்றொரு காலால் அவன் செய்யவந்த உபாயத்தை விலக்கி முதுகின்பால் வளைத்தான் என்பது உரையின் சாரம். அவள் எழுந்து நின்றாள்.

“ஐயா, தப்பா எடுத்துக்கிடாதீங்க. ஒரு கால மார்புல மடக்கி, இன்னொரு கால முதுகுப் பக்கம் வளச்சு ஒரே நேரத்துல நின்னா, நிக்கிறவன்தான்யா முதல்ல விழுவான்.”

வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்தோம் என்பதை வெட்கத்தோடு பதிவு செய்ய வேண்டும். அவள் சிரிக்கவில்லை. “அது ரெண்டு நேரம் ஐயா. பின்னாடி போற கால் முதல்ல. மார்புல ஏறுற கால் அவன் விழுந்த பெறகு” என்றாள். உனக்கெப்படித் தெரியும் என்று வினவினோம். விருதுநகரில், படையிலிருந்து ஓய்வு பெற்று வந்த ஒருவரிடம் ஒன்றரை ஆண்டாக மல்யுத்தம் பயில்கிறாள் என்பது அப்போதுதான் வெளிப்பட்டது. காதுச் சிராய்ப்பின் மூலமும் தெரிந்தது.

செய்து காட்டுகிறாயா என்று கேட்டோம். உடன் பயிலும் தோழி ஒருத்தியை அழைத்துக்கொண்டு தாழ்வாரத்துக்கு வந்தாள். அவள் காட்டியதை இயன்றவரை சொல்லில் வடிக்கிறோம். நம்மைப் போன்று களம் அறியாமல் இப்பாடலைப் படித்தவர்களுக்கு இது உதவக்கூடும்.

முதலில் தலை. எதிராளியின் தலையோடு தலை ஒட்ட, நெற்றிப் பக்கம் அவள் கன்னத்தை அழுத்தும்படி நிற்க வேண்டும். தலை எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கமே உடலும் போகும். அடுத்துக் கைகள். வலக்கை எதிராளியின் பிடரியைச் சுற்றிப் பற்றும். முழங்கை அவள் மார்பை ஒட்டிக் கீழ்நோக்கித் தொங்கும். விரல்கள் இறுக்குவதனால் அன்று, முழங்கையின் பாரத்தினாலேயே அந்தப் பிடி கனக்கிறது. இடக்கை அவளது வலப்பக்க அக்குளின்கீழ் நுழைந்து முதுகில் தோள்பட்டையைத் தழுவும். இப்போது மார்போடு மார்பு நெருங்கிவிட்டது. பார்ப்பவர்க்கு இருவரும் ஒருவரையொருவர் அணைத்துக்கொண்டு அசையாமல் நிற்பதுபோல் தோன்றும். ஆனால் எல்லாம் அங்கேதான் நடக்கிறது. பிடரியில் இருக்கும் கை இழுக்கிறது. இழுபட்டவள் விழாதிருக்க ஒரு காலை முன்னே ஊன்றியே தீர வேண்டும். ஊன்றிய அந்த வலக்காலில் உடலின் எடை இறங்கும் நொடியே தருணம். அதற்கு முன்னரும் பயனில்லை, பின்னரும் பயனில்லை. அந்நொடியில் தன் இடக்காலை அவளது வலக்காலின் பின்னே செலுத்திக் கொக்கிபோல் வளைத்து, மார்பால் முன்னே தள்ள வேண்டும். மேலுடல் பின்னே போகிறது. கால் பின்வாங்க வழியில்லை. மரம் சாய்வதுபோல் உடல் சாய்கிறது.

தோழியை அவள் விழவிடவில்லை. கையைப் பற்றி, மெல்லத் தரையில் இறக்கினாள். இறக்கிய பின் தன் வலமுழங்காலை மடித்துத் தோழியின் மார்புக்கு மேலே, தொடாமல், நிறுத்திக் காட்டினாள். “இதுதான்யா பாட்டுல வர்றது. அவன் வர்ற வேகத்த நாம வாங்கிக்கிடணும். இழுத்தா அவன் எதிர்த்துத் தள்ளுவான்; தள்ளுனா எதிர்த்து இழுப்பான். அவன் செய்யுறதுலயே அவன விழ வைக்கிறது.” எதிராளி செய்யவரும் உபாயத்தைத் தாங்கி என்று உரையில் நாம் படித்ததை அவள் வேறு சொற்களில் கூறிவிட்டாள்.

யானை உவமைக்கு வருவோம். பசித்த யானை மூங்கிலைத் தின்ன முயல்வதுபோல, தலையும் காலுமாகிய இரண்டு பக்கமும் முறியும்படி சோழன் மல்லனை மோதினான் என்கிறார் புலவர். யானையின் வலிமையை மல்லன் மேல் ஏற்றிக் கூறிய உவமை என்றே நாம் பாடம் நடத்தி வந்தோம். யானை மூங்கிலை எவ்வாறு உண்கிறது? அடியைக் காலால் அழுத்திக்கொண்டு, துதிக்கையால் நுனியை வளைத்து இழுக்கிறது. அடி ஒரு பக்கம் நிலைக்க, தலை மறுபக்கம் போக, நடுவே ஒடிகிறது. மாணவி தாழ்வாரத்தில் காட்டியதும் இதுவே: கால் போகாதபடி தடுத்துத் தலையை மட்டும் போகவிடுதல். வீழ்த்துதல் என்ற கலை முழுவதும் இந்த ஒரு விதியின்மேல் நிற்கிறது. நிற்கும் உடலின் எடை, அதன் பாதங்கள் சூழ்ந்த நிலப்பரப்புக்கு உள்ளே இருக்கும்வரை அது நிற்கும். வெளியே போனால் பாதமும் உடன் நகர வேண்டும். நகர முடியாவிட்டால் விழ வேண்டும். புலவர் வலிமையை மட்டும் பாடவில்லை. வலிமை செயற்படும் முறையையும் பார்த்திருக்கிறார் என்று இப்போது நமக்குத் தோன்றுகிறது.

இதுவே இப்பாடலின் ஒரே பொருள் என்று நாம் வாதிட வரவில்லை. பாடல் மார்பிலிருக்கும் காலை முதலிலும் பின்செல்லும் காலை அடுத்தும் கூறுகிறது. இரண்டும் ஒரே நிலையின் இரு கூறுகள் என்று உரைகாரர் கொண்டதற்கும் இடமுண்டு; விழுந்த மல்லனின்மேல் ஒரு முழங்காலை ஊன்றி, மறுகாலால் அவன் எழாதபடி வளைத்திருந்தான் என்றும் கொள்ளலாம். நாம் சொல்ல வருவது வேறு. உரைகாரர் களத்தைக் கண்டிருக்கக்கூடும். புலவர் உறுதியாகக் கண்டிருக்கிறார். நடுவே நின்று விளக்கும் நாம்தாம் கண்டதில்லை. 1894இல் உ.வே.சாமிநாதையர் புறநானூற்றை முதன்முதலாகப் பதிப்பித்து நம் கையில் கொடுத்தார். ஏட்டிலிருந்து அச்சுக்கு வந்த அப்பாடல், அச்சிலிருந்து உடலுக்கு வர இன்னும் காத்திருக்கிறது.

பிற நாகரிகங்களிலும் இந்தக் கலைக்குத் தடயங்கள் உண்டு. எகிப்தின் பெனி ஹசன் கல்லறைச் சுவர்களில் ஏறத்தாழ 4000 ஆண்டுகளுக்கு முன்னர் தீட்டப்பெற்ற நூற்றுக்கணக்கான மல்லர் இணைகள் பிடி பிடியாகக் காட்சி தருகின்றன. கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கப் பாப்பிரஸ் துண்டு ஒன்று எகிப்தின் ஆக்சிரிங்கஸ் என்னுமிடத்தில் கிடைத்தது. ஆசான் மாணவர் இருவரையும் நோக்கி, நீ இவ்வாறு பிடி, நீ இவ்வாறு விலகு என்று மாறி மாறி ஏவும் பாடக்குறிப்பு அது. கன்னட நாட்டில் 12ஆம் நூற்றாண்டுச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் பெயரால் வழங்கும் மானசோல்லாசம், மல்ல விநோதம் என்றொரு பகுதியையே கொண்டுள்ளது. தமிழில் அத்தகைய பாடக்குறிப்பு நமக்குக் கிடைக்கவில்லை, கிடைத்தவை பாடல்கள். மாதவி ஆடிய பதினோராடல்களுள் ஒன்றாக மல்லாடலைச் சிலப்பதிகாரம் குறிக்கிறது. மாமல்லன் என்ற பட்டப்பெயரைச் சுமந்த பல்லவன் முதலாம் நரசிம்மவர்மனின் பெயரில் ஒரு துறைமுக நகரமே வழங்கலாயிற்று. இத்தனை இருந்தும் மல் என்னும் சொல் நம் வகுப்பறையில் அருஞ்சொற்பொருள் பட்டியலில் ஒடுங்கிவிட்டது.

ஆனால் பேச்சுமொழி மறக்கவில்லை. மல்லுக்கு நிற்காதே என்கிறோம். மல்லுக்கட்டுதல் என்கிறோம், நின்றபடியே ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு பிடிக்காகப் போராடும் அந்த நிலைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எம்மொழியில் இருக்கக்கூடும்? உடும்புப்பிடி, கிடுக்கிப்பிடி என்று பிடிகளுக்குப் பெயர் வைத்திருக்கிறோம். தேர்தல் வந்தால் வேட்பாளர் கோதாவில் குதிக்கிறார். தோற்றவர் மண்ணைக் கவ்வுகிறார். குப்புற விழுந்தவர் மீசையில் மண் ஒட்டவில்லை என்கிறார். மாணவி தாழ்வாரத்தில் செய்து காட்டிய செயலுக்கு நேரான பெயரும் நம்மிடம் உண்டு: காலை வாரிவிடுதல். அச்சொல் இன்று நம்பிக்கைத் துரோகத்தைக் குறிக்கிறது. எதிரே நின்று, கண்ணைப் பார்த்து, விதிக்கு உட்பட்டு ஒருவன் காலை வாருவது ஒரு கலையாக இருந்த காலம் போய், முதுகுக்குப் பின்னே நடக்கும் சூதுக்கு அது பெயராகிவிட்டது. களம் அழிந்த பிறகு களத்தின் சொற்கள் எங்கே போய்ச் சேரும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

களம் முற்றிலும் அழிந்துவிடவில்லை என்றும் சொல்ல வேண்டும். நம் கரிசல் ஊர்களில் பொங்கலை ஒட்டியும் கோயில் கொடையை ஒட்டியும் குழல்விளக்கு வெளிச்சத்தில் விடிய விடிய நடக்கும் கபடிப் போட்டிகளைப் பார்த்தவர்கள் அறிவர். பாடி வருகிறவனின் கணுக்காலைப் பற்றுதல், தொடையை அணைத்துத் தூக்குதல், இடுப்பைக் கட்டி மண்ணில் கிடத்துதல் எல்லாம் மற்போரின் பிள்ளைகளே. ஏறு தழுவுதலில் தழுவுதல் என்ற சொல் நின்றிருப்பதும் நோக்கத்தக்கது. திமிலை அணைத்து, விலங்கின் துள்ளலோடு தானும் துள்ளி, அதன் வேகத்தைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் அச்செயலுக்கும் மாணவி கூறிய ‘வாங்கிக்கிடுதல்’ என்பதற்கும் தொலைவு அதிகமில்லை.

82ஆம் பாடலும் சாத்தந்தையார் பாடியதே. அதே ஆமூர்ப் போர். அது எத்துணை விரைவாக முடிந்தது என்று கூற வந்த புலவர், அரசர்க்குரிய உவமை எதனையும் தேடவில்லை. கட்டில் பின்னும் ஒரு தொழிலாளியைக் காட்டுகிறார். ஊரில் விழா தொடங்கிவிட்டது, வீட்டில் மனைவிக்குப் பேறுகாலம், மழை கொட்டுகிறது, பொழுதும் சாய்கிறது. அந்நிலையில் அவன் கையில் வார் இழுத்து ஓடும் ஊசி எத்துணை விரைந்து ஓடும்! போர் அதனினும் விரைந்தது என்கிறார். அவ்வுழைப்பாளியை இழிசினன் என்றே பாடல் சுட்டுகிறது. அச்சொல்லை நாம் ஆண்டுதோறும் விரைந்து கடந்துவிடுவோம். கடக்கக் கூடாது என்று இப்போது கருதுகிறோம். அரசனின் வெற்றியை அளக்கும் அளவுகோல் அவனுடைய கைத்திறனாகவும், அவனுக்கு இடப்பட்ட பெயர் இழிவாகவும் இருந்த முரண்பாட்டை மாணவர் முன் வைக்காமல் உவமை நயம் மட்டும் பாராட்டச் சொல்வது நேர்மையாகாது.

அப்பாடலை நடத்தியபோது மாணவி மெல்லச் சொன்னாள்: “எங்கம்மா சரவெடி பின்னுறதும் அப்பிடித்தான்யா இருக்கும்.” தீபாவளி நெருங்கும், பருவமழை மிரட்டும், எண்ணிக்கைக்குத் தக்க கூலி. திரியில் வெடிகளைக் கோத்துப் பின்னும் அவ்விரல்களைக் கண்டவர்க்கு 82ஆம் பாடலுக்கு உரை வேண்டுவதில்லை. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடி தயாரிப்பைத் தடை செய்த பின்னர் அவ்வேலை பலருக்குப் போயிற்று. அவள் தாய் வேறு பிரிவுக்குப் போனார். காற்று மாசு பற்றிய நியாயம் நாம் அறியாததன்று. ஆயினும் ஒரு கைத்திறன் ஒரு நாளில் பயனற்றுப் போவதன் துயரமும் நியாயமே. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடி விபத்தை இப்பகுதியில் எவரும் மறந்திலர். ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போனவர் திரும்பி வரும் வரை வாசலைப் பார்க்கும் ஊர்கள் இவை. அத்தகைய வீட்டிலிருந்து ஒரு பெண்பிள்ளை, உடம்பில் அடிபடும் விளையாட்டுக்குத் தானாக விரும்பிப் போகிறாள் என்றால் பெற்றவள் மனம் என்ன பாடுபடும்?

அத்தாய் ஒரு நாள் நம்மைக் காணக் கல்லூரிக்கு வந்திருந்தார். “ஐயா, நீங்களாச்சும் சொல்லுங்க. பொம்பளப்பிள்ள மல்லுக்கு நிக்கலாமா? நாளைக்கு ஒருத்தன் கையில பிடிச்சுக் குடுக்க வேண்டாமா?” என்றார். அவரது அச்சத்தை அறியாமை என்று ஒதுக்க நம்மால் இயலவில்லை. 2023இல் நாட்டின் தலைசிறந்த மல்யுத்த வீராங்கனைகளே, கூட்டமைப்பின் அப்போதைய தலைவர்மீது பாலியல் துன்புறுத்தல் குற்றஞ்சாட்டித் தில்லித் தெருவில் அமர்ந்திருந்த காட்சியை அவரும் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறார். ஒலிம்பிக் பதக்கம் பெற்றவளுக்கே அக்கதி என்றால் பட்டாசுத் தொழிலாளி மகளுக்கு யார் துணை என்று அவர் கேட்டால், நம்மிடம் வாய்ச்சொல்லைத் தவிர விடையில்லை. பெண் பயிற்றுநரோ பொறுப்பான பெண் ஒருவரோ உடனிருக்கும் களம் வேண்டும். பெற்றோர் எந்நேரமும் வந்து பார்க்கக்கூடிய களம் வேண்டும். முறையிட்டால் கேட்கும் செவி வேண்டும். இவற்றைக் கேட்பது அக்கலைக்கு எதிரான குரல் அன்று, அதற்கு ஆதரவான குரல்.

ஆனால் பெண்ணுக்கும் மல்லுக்கும் என்ன தொடர்பு என்ற வினாவுக்குத் தமிழிலேயே விடை உண்டு. இதே கோப்பெருநற்கிள்ளியை 83, 84, 85ஆம் பாடல்களில் பாடியவர் ஒரு பெண்: பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார். அவனைத் தழுவ விழைகிறாள். தாய்க்கும் அவைக்கும் அஞ்சுகிறாள். போரில் வெற்றி அவனதே என்பார் சிலர், அன்று என்பார் சிலர். அவள் ஓடிச் சென்று, ஒரு பனைமரத்தில் சாய்ந்து நின்று, அவன் வென்றதைத் தன் கண்ணால் காண்கிறாள். மற்போரை இவ்வளவு பதற்றத்தோடு பார்த்த கண்கள் சங்கப் பாடல்களில் வேறு இல்லை. நம் மாவட்டத்துத் திருவில்லிபுத்தூர் ஆண்டாளும் திருப்பாவையின் எட்டாம் பாசுரத்தில் மல்லரை வீழ்த்தியவனைப் பாடித்தான் தோழியை எழுப்புகிறாள். பார்க்கவும் பாடவும் பெண்ணுக்கு என்றும் தடையிருந்ததில்லை. தடையெல்லாம் பனைமரத்தை விட்டு விலகிக் களத்துக்குள் வருவதற்கே. உலகம் அத்தடையைத் தாண்ட நெடுங்காலம் எடுத்துக்கொண்டது. ஒலிம்பிக்கில் மகளிர் மல்யுத்தம் சேர்க்கப்பட்டதே 2004இல் ஏதென்சில்தான். 2016இல் ரியோவில் சாக்ஷி மாலிக் வெண்கலம் வென்றபோது நம் ஊர்ப் பெண்பிள்ளைகள் சிலரேனும் தம் தோளைத் தொட்டுப் பார்த்திருப்பார்கள்.

இவ்விடத்தில் நம் குற்றம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முந்தைய பருவத்தில் அம்மாணவிக்கு வருகைப் பதிவு குறைந்தது. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிக்காகச் சென்ற நாள்களைக் கணக்கில் கொள்ளும்படி அவள் ஒரு விண்ணப்பம் தந்தாள். ‘படிக்க வந்த பிள்ளைக்குக் குஸ்தி எதற்கு’ என்று நாம்தாம் கூறினோம். விண்ணப்பம் மேசை இழுப்பறையில் கிடந்தது. அவள் தண்டத்தொகை கட்டித் தேர்வெழுதினாள். அத்தொகை அவள் தாயின் எத்தனை நாள் கூலி என்று நாம் எண்ணிப் பார்க்கவில்லை. அதே வாரத்தில் இலக்கிய மன்றக் கூட்டமொன்றில் ‘சங்கத் தமிழரின் வீரம்’ என்ற தலைப்பில் ஒன்றரை மணி நேரம் உரையாற்றிக் கைத்தட்டல் பெற்றோம். ஆமூர் மல்லனும் அவ்வுரையில் இடம்பெற்றான்.

இக்கட்டுரை எழுதப்படுவதற்கு அந்த இழுப்பறையே காரணம். தமிழர் வீரம் பற்றி மேடைதோறும் முழங்கும் நாம், அவ்வீரம் ஓர் உடலில் குடிகொண்டு எதிரே வந்து நின்றால் அதனை அடையாளம் காண மாட்டாதவராக இருக்கிறோம். பழம்பெருமை பேசுவதற்குச் செலவில்லை. ஒரு மல்யுத்த விரிப்புக்குச் செலவுண்டு. 9 மீட்டர் விட்டமுள்ள வட்டமும் சுற்றிலும் காப்புப் பகுதியுமாக ஏறத்தாழ 12 மீட்டர் சதுரம் வேண்டும். இப்பெண் பயிலும் இடத்தில் அதில் பாதி அளவுக்கே விரிப்பு உண்டு. எஞ்சிய இடத்தில் சலித்த செம்மண். அங்கே முதல் இரண்டு மாதமும் விழுவதற்கு மட்டுமே பயிற்சியாம். தாடையை மார்போடு ஒட்டி, முதுகை வளைத்து, கையை ஊன்றாமல் தரையை அறைந்து விழ வேண்டும். கையை ஊன்றினால் மணிக்கட்டு முறியும். “விழப் பயந்தவனுக்குப் பிடி நிக்காது ஐயா” என்றாள். பட்டப்படிப்பு மூன்றாண்டிலும் விழுவதற்கு நாம் யாருக்கேனும் கற்றுக்கொடுத்திருக்கிறோமா? தேர்வில் ஒரு தாளில் தவறிய பிள்ளை உயிரை மாய்த்துக்கொண்ட செய்தியை ஆண்டுதோறும் படிக்கிறோம்.

இது வன்முறையைப் பயிற்றுவதாகாதா என்று நம் துறை நண்பர் ஒருவர் வினவினார். ஆமூரில் மல்லன் கொல்லப்பட்டான் என்பது உண்மையே. அக்காலப் போரை நாம் இன்று விரும்ப வேண்டுவதில்லை. இன்றைய மல்யுத்தத்தில் மூன்று நிமிடம் கொண்ட இரண்டு பகுதிகள். இரு தோளும் விரிப்பில் பட்டால் முடிந்தது. நடுவர் கையை உயர்த்துகிறார். இருவரும் கைகுலுக்கிப் பிரிகிறார்கள். கொலையிலிருந்து கைகுலுக்கலுக்கு வந்தடைந்ததைத்தான் நாகரிகம் என்கிறோம். பாடத்திட்டத்தை முடிக்கவே நேரமில்லை என்றார் மற்றொருவர். முழுப் பாடத்திட்டத்தையும் புரியாமல் முடிப்பதைவிட, ஒரு பாடலைப் புரிந்துகொண்டு சற்றுப் பின்தங்குவது மேல் என்பது நம் கருத்து. உடற்கல்வித் துறையும் தமிழ்த்துறையும் ஒரே வளாகத்தில் நூறு அடி இடைவெளியில் இருக்கின்றன. ஆண்டுக்கு ஒரு நாள், 80ஆம் பாடலைக் களத்தில் நின்று நடத்துவதற்கு எந்த ஆணையும் தேவையில்லை. ஏறு தழுவுதலைக் காளை வளர்ப்பவரும், உமணரின் வழியை உப்பளத் தொழிலாளரும், கட்டில் பின்னுதலைக் கயிற்றுக் கட்டில் கட்டுபவரும் வந்து விளக்கட்டுமே. நம் இருக்கையை ஒரு மணி நேரம் அவர்களுக்கு விட்டுக்கொடுப்பதனால் குறைவது நம் செருக்கு மட்டுமே.

சாத்தந்தையாரின் பாடலில் நாம் விளக்காமல் விட்ட ஒரு பகுதி உண்டு. கோப்பெருநற்கிள்ளியின் தந்தை தித்தன், உறையூர்ச் சோழன். தந்தைக்கும் மகனுக்கும் பிணக்கு. மகன் பிரிந்து வேற்றூரில் வாழ்கிறான். புல்லிய கூழ் உண்டு வாழ்ந்தான் என்பது நக்கண்ணையார் வாக்கு. அவன் மல்லனை வென்று நின்ற அந்நிலையைக் கண்ட புலவருக்கு முதலில் தோன்றியது வாழ்த்தன்று. இதைத் தித்தன் காண வேண்டுமே என்பதுதான் அவருக்குத் தோன்றியது. அவன் மகிழட்டும், மகிழாது போகட்டும், காணட்டும் என்கிறார். 18 ஆண்டுகளாக இந்த இடத்தை ‘புலவர் தந்தையை விளித்தார்’ என்ற ஒரு வரியில் முடித்திருக்கிறோம்.

சென்ற மாதம் நடந்த போட்டியைக் காண நாம் போயிருந்தோம். 53 கிலோ எடைப்பிரிவு. முதற்சுற்றில் பிடரிப் பிடியும் அக்குள் பிடியும் அமைந்து, காலின் பின்னே கால் வளைந்தது, எதிராளி சாய்ந்தாள், இரண்டு புள்ளி. அடுத்த சுற்றில், திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் அதே உபாயத்தை இவள்மேல் செய்து, இரு தோளையும் விரிப்பில் பதித்துவிட்டாள். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது. எழுந்து, கைகுலுக்கி, தலைமுடியை அள்ளிக் கட்டிக்கொண்டு வந்தாள். வாயிலருகே, ஆலைச் சீருடையோடு ஒருவர் கையைப் பின்னே கட்டியபடி நின்றிருந்தார். அவள் தந்தை என்று பிறகு அறிந்தோம். அவர் கைதட்டவில்லை, முகத்திலும் எதுவும் தெரியவில்லை. அவள் அருகே சென்றதும் தண்ணீர்ப் புட்டியை நீட்டினார்.

“அடுத்த போட்டி எப்ப?” என்று மட்டும் கேட்டார்.

ஊர் திரும்பியதும் இழுப்பறையைத் திறந்து அந்த விண்ணப்பத்தை எடுத்தோம். காலங்கடந்ததுதான். ஆயினும் பரிந்துரைத்துக் கையெழுத்திட்டு, தண்டத்தொகையைத் திருப்பித் தருமாறு ஒரு குறிப்பையும் இணைத்து அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறோம். பணம் திரும்புமா என்று தெரியவில்லை. வரும் பருவத்தில் 80ஆம் பாடல் திடலில் நடைபெறும் என்று வகுப்பில் அறிவித்தாயிற்று. விரிப்பு இல்லை, செம்மண் சலிக்க மாணவர் எழுவர் பெயர் கொடுத்திருக்கின்றனர்.